ஜனவரியில் தீக்காவல்

நாட்டுக்கு ஏழு வருடமாகப் பட்ஜெட் இல்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். பெய்ரூட்டில் அரசாங்க வேலை பார்க்கிறவர்களுக்கு அது மின்வெட்டு மாதிரி. முதல் வருடம் திட்டினார்கள், இரண்டாம் வருடம் கேலி செய்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். நாடாளுமன்றத்தில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பட்ஜெட் நிறைவேறும்வரை பழைய பட்ஜெட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் செலவழித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. ஏதோ ஒரு மாதம், இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கட்டுமே என்று யாரோ நல்ல மனிதர் எழுதிவைத்த விதி. அதை வைத்துக்கொண்டு இவர்கள் ஏழு வருடம் குடித்தனம் நடத்தினார்கள்.

சம்பளம், வாடகை மாதிரி மாதாமாதம் வருகிற செலவுக்கு இது சரிப்படும். வருடத்தில் சில மாதம் மட்டும் வருகிற செலவுக்கு என்ன செய்வது? மலைப் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால டீசல் ஆகஸ்டிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு வந்து இறங்கியது. வெட்டுக்கிளி மருந்து பனி கொட்டும்போது வந்தது. அந்தந்த மாதப் பங்கை அந்தந்த மாதமே செலவழித்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் போனதுதான் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வேறு.

வனக்காவல் பிரிவில் இந்தக் கூத்தைக் கட்டி மேய்த்தவள் நுஹாத் ஷல்ஹூப். வயது அறுபத்தொன்று. முப்பத்தாறு வருட வேலை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்த வீடு இல்லை, சேமித்ததெல்லாம் தம்பியின் வைத்தியத்தில் கரைந்து, தம்பியும் போய்விட்டான். ஓய்வூதியம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதை அவள் வெட்கப்படாமல் எல்லோரிடமும் சொல்லுவாள்.

பழைய பட்ஜெட்டில் ஐன் ஸரூர் மலைக்காட்டுக்கு அறுபது தீக்காவலர்கள் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதம், மலை காய்ந்து கிடக்கும்போது, முகட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து புகை வருகிறதா என்று பார்ப்பவர்கள். இதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதத்துக்கு இருபது பேர் வருகிறது. ஜனவரியிலும் இருபது பேர், ஆகஸ்டிலும் இருபது பேர். ஜனவரியில் அந்த மலையில் இடுப்பளவு பனி கிடக்கும். இருபது பேரும் குடிசையில் அடுப்பை மூட்டிச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மலையில் அந்த மாதம் எரிந்த ஒரே நெருப்பு அதுதான் என்று நுஹாத் சொல்லுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் செப்டம்பரில் கீழ்ச்சரிவு எரிந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. அறுபது முகட்டை இருபது பேர் எப்படிப் பார்ப்பார்கள்? ஆட்டை ஓட்டிக்கொண்டு வரப்போன இலியா என்ற ஐன் ஸரூர்காரன் திரும்பவில்லை. மறுநாள் படத்தோடு செய்தி வந்தபோது நுஹாத்தின் மேஜையில் அடுத்த மாதப் பட்டியல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இருபது பேர். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கழிப்பறைக்குப் போய் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தவள் ஒரு வேலை செய்தாள். ஐன் ஸரூரின் முக்தார், அதாவது அந்த ஊர்த் தலைவர், அபூ நஜீப்பை வரச்சொன்னாள். திட்டம் ரொம்பச் சாதாரணம். பனிக்காலத்திலும் வசந்தத்திலும் வருகிற பணத்தை நாற்பது பேருக்கு, தலைக்கு மூன்று மாதச் சம்பளமாகக் கொடுத்துவிடுவது. அப்போது அவர்கள் வேலைக்கு வர வேண்டாம், வீட்டிலேயே கிடக்கட்டும்; பதிவேட்டில் வந்ததாக அவள் எழுதிக்கொள்வாள். கோடை வந்ததும் அந்த நாற்பது பேரும் நான்கு மாதம் மலையேற வேண்டும். அந்த மாதங்களில் பட்டியலில் இருக்கும் இருபது பேரோடு சேர்ந்தால் அறுபது. பாக்கி ஒரு மாதச் சம்பளம் பனி விழுந்த பிறகு வரும். ஆண்டுக் கணக்கு ஒரு லிரா பிசகாது.

"வாங்கிட்டு வராமப் போயிட்டா?" என்று கேட்டாள் நுஹாத்.

அபூ நஜீப் மீசையைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன மதாம், ஒட்டு மீசையா? பட்டியல் அடியில என் முத்திரையைக் குத்தறேன். ஒருத்தன் வரலைன்னா அவன் இடத்துல நான் நிக்கறேன்."

இரண்டு கோடை அப்படியே நடந்தது. ஒருவர்கூடத் தவறவில்லை. காட்டில் ஒரு மரம்கூட எரியவில்லை. எரியாத மரத்தைப் பற்றி யார் செய்தி போடுவார்கள்? இயக்குநருக்கு வாய்வார்த்தையாகத் தெரியும். "நான் கேக்கலை, நீங்க சொல்லலை" என்று தலையை ஆட்டியிருந்தார். நுஹாத்துக்கும் உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான். இந்த அரசாங்கத்தை நான் ஏமாற்றி வேலை செய்ய வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் வருடம் ஜூன் மாதம், தணிக்கையிலிருந்து நதீர் பெய்தூன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை, மேஜையில் இருந்த செர்ரிப் பழத்தைத் தொடவில்லை. ஜனவரி மாத வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தான். பக்கத்தில் இன்னொரு காகிதத்தை வைத்தான்.

"மதாம் நுஹாத், இது ஐன் ஸரூர் காவலர்கள் வருகை. இருபது பேர், முப்பத்தொரு நாள், ஒரு நாள்கூட லீவு இல்லை."

"ஆமா."

"இது சாலைத் துறையோட பனிக் குறிப்பு. அந்த மலைப் பாதை ஜனவரியில பத்தொன்பது நாள் மூடிக் கிடந்திருக்கு. கழுதைகூடப் போகலைன்னு எழுதியிருக்கான். உங்க ஆளுங்க பறந்து போனாங்களா?"

நுஹாத் பதிவேட்டைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடம் ஒழுங்காக வேலை செய்த வினை அது. ஒரு சோம்பேறி எழுதியிருந்தால் நாலு நாள் விட்டுப்போயிருக்கும், பார்க்க உண்மை மாதிரி இருந்திருக்கும். இவள் பதிவேடு ஒரு கட்டம் விடாமல் நிரம்பியிருந்தது.

"உஸ்தாஸ், நான் ஒண்ணும் மறைக்கல" என்று மரியாதையாகவே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டில் ஒரு பங்கு, சீட்டாட்டம், செப்டம்பர் நெருப்பு, இலியா, முக்தார், எல்லாம். நதீர் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"மதாம், எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். வேலை செய்யாத ஆளுக்குச் சம்பளம் போட்டவங்க ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்லியிருக்காங்க. உங்க கதைதான் நல்லா இருக்கு. ஆனா காகிதத்துல என்ன இருக்கு? ஜனவரியில நாற்பதுல பாதிப் பேர், ஏப்ரல்ல மீதிப் பேர், எல்லாம் வேலை செய்யாம சம்பளம் வாங்கியிருக்காங்க. கோடையில வேலை செஞ்சதுக்கு ஒரு துண்டுக் காகிதம் காட்டுங்க."

"எப்படிக் காட்டறது? அது காகிதத்துல வந்தா அப்பவும் குத்தம்தானே? சம்பளம் இல்லாம வேலை வாங்கினேன்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன்" என்றான் நதீர், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். "வேலை இல்லாம சம்பளம், சம்பளம் இல்லாம வேலை. ரெண்டு குத்தம்."

ஆனால் அவன் உடனே எழுந்து போகவில்லை. பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் சொன்னான். "ஜூலை ஒண்ணாம் தேதி நான் அங்க வர்றேன். நாற்பது பேரும் அவங்கவங்க இடத்துல நிக்கணும். நின்னா, நீங்க சொன்னது நிஜம்னு எழுதுவேன். முறைகேடுன்னு போகும், கண்டனத்தோட போயிடும். ஒரு ஆள் குறைஞ்சாலும் அந்தச் சம்பளம் திருட்டு. கையாடல்னு எழுதுவேன். கையாடல்னா ஓய்வூதியம் கிடையாது, உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவளே அவள்தான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். தன் இடத்தில் இன்னொருத்தி இருந்து, தான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதே பனிக் குறிப்பைத் தேடி எடுத்திருப்போம் என்று தோன்றியது.

அன்று மாலையே இயக்குநர் கூப்பிட்டார். நின்றுகொண்டே பேசினார். "எனக்கு இதைப் பத்தி எதுவும் தெரியாது நுஹாத். இன்னொண்ணு. ஜூலைப் பட்டியல்ல இருக்கிற இருபது பேரைத் தவிர யாரும் அரசாங்கக் காட்டுல கால் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு அனுப்பியாச்சு. நாளைக்கு எனக்கு ஒரு கேள்வி வரக் கூடாது பாருங்க."

"நீங்க எப்பவுமே கேள்வி வராத இடத்துல நிக்கறவர்தானே" என்றாள் நுஹாத். முப்பத்தாறு வருடத்தில் மேலதிகாரியிடம் அவள் இப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

ஆக, நாற்பது பேரும் வர வேண்டும். அவர்களைக் கூப்பிட அவளிடம் சட்டம் இல்லை. போகாதே என்று தடுக்க உத்தரவு இருக்கிறது. வந்தால் சம்பளம் கிடையாது. அதைப் பனிக்காலத்திலேயே சாப்பிட்டாயிற்று. வந்து மாட்டிக்கொண்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று சொன்னாலும் சொல்லுவார்கள். தலைக்கு மூன்று மாதச் சம்பளம், ஒன்பது லட்சம் லிரா, ஐன் ஸரூரில் சின்னத் தொகை இல்லை. முன்பு அந்த ஊருக்குக் காடே சோறு போட்டது. பைன் பருப்பை உடைத்துக் காயவைத்து விற்றால் ஒரு குடும்பம் வருடத்தை ஓட்டிவிடும். போன வருடம் வர்த்தக அமைச்சகம் வெளிநாட்டுப் பருப்புக்கு இருந்த சுங்கவரியை ஒரே கையெழுத்தில் தூக்கிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது, பாதி விலையில். தலைநகரில் பிலாவ் சோற்றின் மேல் தாராளமாகத் தூவிச் சாப்பிட்டார்கள், அமைச்சர் விலையைக் குறைத்துவிட்டார் என்று பத்திரிகை புகழ்ந்தது. ஐன் ஸரூரில் பாதி மரத்தில் காய் பறிக்கவே ஆள் ஏறவில்லை, ஏறுகிற கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. இளவட்டங்கள் ஒவ்வொருவராக கடல் தாண்டி அபிஜானுக்கும் டொரண்டோவுக்கும் டிக்கெட் எடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய், காட்டைக் காக்கச் சும்மா வா என்று எந்த வாயால் கேட்பது?

தொலைபேசியில் அபூ நஜீப் எப்போதும்போல வீராப்பாகத்தான் பேசினார். "நாற்பதும் நிக்கும். நீங்க ஏன் கலங்கறீங்க?"

"உத்தரவு வந்துச்சா?"

"வந்துச்சு. போலீஸ்காரர் கொண்டாந்து கொடுத்தாரு. காப்பி குடிச்சிட்டுப் போனாரு. அவரு பொண்டாட்டியும் நம்ம பட்டியல்லதான் இருக்கா."

நுஹாத்துக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அவர் குரலில் ஏதோ ஒன்று இடித்தது. "எல்லாரும் ஊர்ல இருக்காங்கதானே, அபூ நஜீப்?" என்று கேட்டாள். "இருக்காங்க, இருக்காங்க. லைன் சரியா கேக்கல மதாம்" என்று வைத்துவிட்டார்.

ஜூலை முதல் தேதி காலை ஐந்து மணிக்கே வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினாள். தன் விடுப்பில், தன் செலவில். நதீர் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். ஊர் அடுப்பில் ஸாத்தர் மூலிகை தூவிச் சுட்ட ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுருட்டி வைத்துக்கொண்டு, காட்டு வாசலில் தன் கார்மேல் சாய்ந்து நின்றான். இங்கே வந்தாவது சாப்பிடுகிறானே என்று நினைத்தாள்.

முகடு முகடாக ஏற முடியாது என்பதால் எல்லோரையும் காட்டு வாசலில் நிற்கச் சொல்லி, பெயர் கூப்பிட்டு, பிறகு அவரவர் இடத்துக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. நுஹாத் காரைவிட்டு இறங்கிப் பார்த்தாள். கூட்டமாக நின்றிருந்தார்கள். தொப்பி, தண்ணீர்க் குடுவை, சிலர் கையில் மடக்கு நாற்காலி. உத்தரவு கொண்டுவந்த போலீஸ்காரரின் மனைவி கையில் பின்னல் ஊசி. நாலு மாதம் உட்கார வந்தவர்கள் மாதிரிதான் வந்திருந்தார்கள். இவர்களை நான் சந்தேகப்பட்டேனே என்று நுஹாத் தன்னையே நொந்துகொண்டாள்.

நதீர் பட்டியலைப் பிரித்தான். "ஹன்னா யூஸுஃப் கதீர்."

"இருக்கேன்."

"தானியேல் மஊஷி."

"டொரண்டோ போயிட்டான்" என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். "நான் அவன் அக்கா, மாரி. அவன் வாங்கினதை நான்தான் செலவழிச்சேன். அதனால நான் வந்திருக்கேன்."

நதீர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டான். "பேர் வேற. ஆனா ஆள் வந்தாச்சு. நீங்க யாருன்னு சொல்லிட்டு நிக்கறீங்க, சரி. அடுத்து, வர்தே இலியா."

இலியாவின் மனைவி கையைத் தூக்கினாள். அவள் காவல் இடம் கீழ்ச்சரிவு. கேட்டு வாங்கிக்கொண்டது.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. நுஹாத் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு. முப்பத்திமூன்று. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. உயிர் திரும்பி வருகிற மாதிரி இருந்தது.

"மில்ஹெம் ஜிர்ஜிஸ் பத்ரான்."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அபூ நஜீப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஒரு தடித்த ஆளை முன்னால் தள்ளினார். "இதோ, இவன்தான் மில்ஹெம். வாய் பேசமாட்டான், கூச்ச சுபாவம்."

தடியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இருக்கேன்" என்றான் முணுமுணுப்பாக.

நுஹாத் அந்த ஆளைப் பார்த்தாள். அவனைத் தெரியும். முக்தாரின் மருமகன் தௌஃபீக். போன வருடம் அவள் ஊருக்கு வந்தபோது காரைப் பின்னால் எடுக்க வழி காட்டியவன். மில்ஹெம் ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். அபூ நஜீப்பின் தங்கை மகன். தொலைபேசியில் லைன் ஏன் சரியாகக் கேட்கவில்லை என்று இப்போது புரிந்தது.

நதீர் அடையாள அட்டை கேட்கவில்லை. பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்துக்கொண்டு, நிமிராமல், "மதாம், பட்டியல் உங்களோடது. இவர் மில்ஹெம்தானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஊரே அதைச் சொல்லச் சொல்லி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் கழித்து மாதாமாதம் வரப்போகிற பணம், வாடகை வீடு, முழங்கால் மாத்திரை, யாரிடமும் கையேந்தாத கிழப்பருவம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஜனவரியில் அறுநூற்றிருபது கட்டங்களில் பொய் எழுதிய கைக்கு இன்னொரு கட்டம் ஒரு பெரிய விஷயமா? அவளுக்கே தெரியும், பெரிய விஷயமில்லை. வாய் அதற்குத் தயாராகிக்கூட விட்டது.

"இல்ல" என்றாள். "இது மில்ஹெம் இல்ல. இவர் தௌஃபீக்."

அபூ நஜீப் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட பாவி மகளே! உங்களைக் காப்பாத்தத்தானே செஞ்சேன்! மில்ஹெம் பய போன மாசம் அபிஜானுக்கு ஓடிட்டான். சம்பளப் பணத்துலதான் டிக்கெட் எடுத்திருக்கான், எங்கிட்டகூடச் சொல்லல. அதுக்கு நீங்க சாகணுமா? ஒரு தலையாட்டல் மதாம், ஒரே ஒரு தலையாட்டல்!"

"முடியல, அபூ நஜீப்." நுஹாத் அவர் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா காகிதத்துல பொய் எழுதினேன். எந்த தைரியத்துல எழுதினேன்? காகிதம்தான் பொய், மலையில நடக்கறது நிஜம்னு. அது ஒண்ணைப் புடிச்சுக்கிட்டுத்தான் ராத்திரி தூங்கினேன். இங்கேயும் பொய் ஆளை நிறுத்திட்டா, அப்புறம் நான் யாரு? இவர் பிடிக்கற மத்த திருடங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

நதீர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காரின் முகப்பில் விரித்தான். "இதுல ஒரு வாக்குமூலம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். 'வேலை செய்யாத மாதங்களில் சம்பளம் வாங்கினேன், இப்போது சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வந்திருக்கிறேன்.' இஷ்டம் இருக்கிறவங்க கையெழுத்து போடலாம். மதாம் சொன்ன கதைக்குக் காகிதத்துல அதுதான் சாட்சி. போட்டா உங்களைப் பணம் கட்டச் சொல்ல மாட்டாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அதையும் சொல்லிடறேன்."

காலையில் வந்த உடனே இதைச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்கள். அரசாங்கத் தாளில் தன் குற்றத்துக்குத் தானே கையெழுத்துப் போட ஐன் ஸரூர்காரர்கள் ஒன்றும் அசடுகள் இல்லை. அடையாள அட்டையைக் கேட்டாலே எதற்கு என்று நாலு கேள்வி கேட்பவர்கள். ஆனால் இலியாவின் மனைவி வர்தே நேராகப் போய்ப் போட்டாள். போட்டுவிட்டு நுஹாத்தைப் பார்த்து, "தனக்குத் தானே குழி வெட்டிக்கிட்டு நிக்கறா. நாம வேடிக்கை பார்க்கவா வந்தோம்?" என்றாள் கூட்டத்திடம். பின்னல் ஊசிக்காரி போட்டாள். ஹன்னா போட்டான். டொரண்டோக்காரனின் அக்கா தம்பி பெயரையும் தன் பெயரையும் சேர்த்து எழுதினாள். முணுமுணுத்துக்கொண்டேதான் சிலர் போட்டார்கள். ஒருவன், "மறுபடி வரி மாதிரி பிடுங்குவானுங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே மற்றவர்களைவிடப் பெரிதாகப் போட்டான். நுஹாத் அழுதுகொண்டிருந்தாள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

முப்பத்தொன்பது கையெழுத்து முடிந்தது. நதீர் எண்ணிப் பார்த்துத் தாளை மடித்துவிட்டு நுஹாத்தைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கார்கிட்ட ரொட்டி வச்சிருந்தேனே பார்த்தீங்களா? அதைக் காலையில சுட்டுக் கொடுத்தவரே தௌஃபீக்தான். பேர் சொல்லி, மாமனார் முக்தார்னு சொல்லி, காசுகூட வாங்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு."

நுஹாத் அவனையே பார்த்தாள்.

"நீங்க தலையாட்டியிருந்தா கையாடல்னு எழுதியிருப்பேன்" என்றான் அவன். "அன்னிக்கு ஆபீஸ்ல ஒரு ஆள் குறைஞ்சாலே கையாடல்னு சொன்னேன். அது கோபத்துல சொன்னது, உங்களை அப்ப நம்பல. சட்டப்படி, அதிகாரி தெரிஞ்சே மறைச்சாத்தான் கையாடல். தானே எடுத்துச் சொன்னா அது நஷ்டம். மில்ஹெமோட ஒன்பது லட்சம் உங்க சம்பளத்துல பிடிப்பாங்க. கண்டனம் ஒண்ணு வரும், பதவி உயர்வு இருந்தா போயிடும்."

"பதவி உயர்வா? எனக்கா?" நுஹாத் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். "ஓய்வூதியம்?"

"இருக்கும்."

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல நினைத்தாள். அவன் அதைக் கேட்கப் பிடிக்காதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பி ரொட்டியைக் கடித்தான்.

இதற்குள் காவலர்கள் ஒவ்வொருவராகக் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஜூலைப் பட்டியலின் இருபது பேர் முன்னாலேயே போய்விட்டார்கள். வாசலில் மிச்சம் நின்றது அபூ நஜீப் மட்டும். கோட்டைக் கழற்றி மருமகனிடம் கொடுத்தார். அவனிடமிருந்து தண்ணீர்க் குடுவையையும் ஊதலையும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மில்ஹெமுக்கு ஒதுக்கிய இடம் உச்சிமுகடு. போக ஒன்றரை மணி நேரம் ஆகும். அவருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் தேய்ந்தது.

"நீங்க எங்க போறீங்க?" என்று பதறினாள் நுஹாத்.

"ஒருத்தன் வரலைன்னா அவன் இடத்துல நான் நிக்கறேன்னு உங்ககிட்டதானே சொன்னேன்? நடுவுல கொஞ்சம் குறுக்கு வழியில போயிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு." அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. "அக்டோபர் வரைக்கும் நிக்கறேன். மீசைக்காக இல்ல, போங்க. அங்க ஆள் இல்லாம எரிஞ்சா யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் குச்சியை ஊன்றி, பத்து அடிக்கு ஒருதரம் நின்று, ஏறிப்போனார். தௌஃபீக் கோட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றான். பிறகு அவனும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

நதீர் அறிக்கையை முடிக்கக் காரில் உட்கார்ந்தான். ஆட்களின் எண்ணிக்கை எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. முப்பத்தொன்பது பேர் சரி. முக்தார் பட்டியலில் இல்லை. சம்பளம் வாங்கவில்லை. வாங்கப்போவதும் இல்லை. ஆனாலும் கண்ணுக்கு எதிரே ஒரு மனிதர் அரசாங்கக் காட்டைக் காக்க ஏறிக்கொண்டிருக்கிறார்.

"இவரை எந்தத் தலைப்புல எழுதறது, மதாம்?" என்று கேட்டான். முதல் தடவையாக அவன் குரலில் அதிகாரி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

நுஹாத் மலையைப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை தெரிந்து மறைந்து, மறுபடி தெரிந்தது.

"எழுதாதீங்க உஸ்தாஸ்" என்றாள். "எழுதினா, ஜனவரியில இவர் எங்க இருந்தார்னு கேப்பாங்க."